வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால்: அது எப்படிப் பரவுகிறது, மருந்து எவ்வளவு தடுக்கும்?

இன்ஃபுளுயன்சா வைரஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது நமக்குத் தெரியவரும்போது, அது ஏற்கெனவே ஒரு நாள் அங்கே வேலை பார்த்திருக்கும். காய்ச்சல் அடிப்பதற்குச் சுமார் ஒரு நாள் முன்பே நோயாளியின் மூச்சிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. முகக்கவசமோ, தனி அறையோ, மாத்திரையோ, நாம் எதைச் செய்தாலும் இந்த ஒரு நாள் பின்தங்கியபடிதான் தொடங்குகிறோம். ஃப்ளூ வீட்டுக்குள் பரவுவதையும் மருந்தால் அதை எவ்வளவு தடுக்க முடியும் என்பதையும் புரிந்துகொள்ள, முதலில் இந்தக் கால நெருக்கடியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒரு தெளிவு. சளி, காய்ச்சல் எல்லாமே ஃப்ளூ அல்ல. ஃப்ளூ என்பது இன்ஃபுளுயன்சா ஏ, பி என்ற இரண்டு வகை வைரஸ்களால் வரும் நோய். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். திடீர்க் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலி, தலைவலி, வறட்டு இருமல் என்று வரும். வேறு பல வைரஸ்களும் இதே போலக் காட்டும் என்பதால், அறிகுறியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் விரைவுப் பரிசோதனை, உண்மையான ஃப்ளூவையும் பல நேரம் தவறவிடும். ஆகவே அதில் ‘இல்லை’ என்று வந்தாலும் ஃப்ளூ இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை இதைவிட நம்பகமானது. இந்தக் கட்டுரையில் வரும் மருந்துகள் இன்ஃபுளுயன்சா வைரஸுக்கு மட்டுமே வேலை செய்யும். ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு இந்த வைரஸிடம் எந்த வேலையும் இல்லை.

ஒரு வீடு, எட்டு நாள்

ஏழு வயது மகள், அம்மா, அப்பா, பாட்டி என்று நான்கு பேர் உள்ள வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வெளியே எங்கோ வைரஸ் ஒட்டிக்கொள்கிறது. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 1 முதல் 4 நாள் ஆகும், சராசரியாக 2 நாள். திங்கள் இரவு அவள் சாதாரணமாகத்தான் விளையாடுகிறாள், ஆனால் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிட்டது. செவ்வாய் மாலை காய்ச்சல் 102 டிகிரி.

புதன்கிழமை வைரஸ் உச்சத்தில் இருக்கும் நேரம். அன்று மதியம் அம்மா பக்கத்தில் படுத்து, நெற்றியைத் துடைத்துவிட்டு, மூக்கைச் சிந்திவிடுகிறார். அப்போது அவருக்குத் தொற்றுகிறது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் உடம்பு வலிக்கத் தொடங்கும். ஆனால் வியாழன் மாலையிலிருந்தே அவரிடமிருந்து வைரஸ் வெளியேறுகிறது. வெள்ளிக்கிழமை காலை, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று நினைத்துக்கொண்டு அவர் பாட்டியின் அருகில் உட்கார்ந்து பேசுகிறார். பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். பேத்தியிடமிருந்து வந்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் வந்தது மருமகளிடமிருந்து. அப்பாவுக்கு வரவேயில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, ஏனென்று அடுத்து பார்ப்போம்.

இப்போது மகளை வியாழன் மாலை மருத்துவரிடம் அழைத்துப்போய், அன்றிரவு மாத்திரை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரம் ஆகிவிட்டது. மகளுக்குக் கொஞ்சம் பயன் உண்டு. அம்மாவுக்கோ தொற்று ஏறி ஒன்றரை நாள் ஆகிறது, மகள் விழுங்கும் மாத்திரையால் அவரைக் காப்பாற்ற வழியில்லை. அதே மாத்திரையைப் புதன் காலையிலேயே தொடங்கியிருந்தால், மதியம் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்த வைரஸ் ஓரளவு குறைந்திருக்கலாம். வியாழன் இரவு மகளுக்கு மட்டுமல்லாமல் பாட்டிக்கும் தடுப்பாக மருந்து தொடங்கியிருந்தால், மறுநாள் காலை அவர் உடலில் மருந்து காத்திருந்திருக்கும். ஆய்வுகளில் வரும் எண்களெல்லாம் இந்த மூன்று சூழ்நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் சொல்கின்றன.

ஒருவருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து, அவரிடமிருந்து தொற்றியவருக்கு அறிகுறி தொடங்கும் வரை உள்ள இடைவெளி ஒரு பயனுள்ள துப்பு. 2009 பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றின்போது அமெரிக்க வீடுகளில் பார்த்த ஆய்வில் இது சராசரியாக 2.6 நாள். ஒரே நாளில் இரண்டு பேர் படுத்தால், இருவருமே வெளியே ஒரே இடத்தில் வாங்கி வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டு முதல் நான்கு நாள் இடைவெளி விட்டு ஒருவர் படுத்தால், வீட்டுக்குள் தொற்றியிருக்கலாம் என்று கருதலாம்.

எல்லோருக்கும் வருமா?

வராது. நோயாளியுடன் வசிப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்றுகிறது என்பதை இரண்டாம்நிலைத் தொற்று விகிதம் என்பார்கள். மேலே சொன்ன 2009 ஆய்வில், நோயாளியோடு சேர்த்து இருவர் மட்டும் உள்ள வீடுகளில் மற்றவருக்குத் தொற்றிய விகிதம் 28 சதவீதம். ஆறு பேர் உள்ள வீடுகளில் ஒவ்வொருவருக்கும் 9 சதவீதம். பெரிய குடும்பத்தில் ஆபத்து குறைவு என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஆறு பேர் வீட்டில் நோயாளி தவிர ஐந்து பேர். 9 சதவீதம் வீதம் ஐந்து பேருக்குக் கணக்கிட்டால், நூறு வீடுகளில் சுமார் 45 புதிய நோயாளிகள். இருவர் வீடுகள் நூற்றில் 28. தனி ஒருவரின் ஆபத்து குறைகிறது, வீட்டின் மொத்தச் சுமை கூடுகிறது.

இந்த விகிதம் வருடத்துக்கு வருடமும் மாறும். அமெரிக்க வீடுகளில் 2017 முதல் 2020 வரையிலான பருவங்களில் சுமார் 20 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 50 சதவீதத்தைத் தொட்டது. கோவிட் காலத்தில் ஃப்ளூ பெரிதாகச் சுற்றாததால் மக்களிடம் இருந்த எதிர்ப்புச் சக்தி தேய்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

வயது பெரிய காரணி. 2009 ஆய்வில், 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 19 முதல் 50 வயதுக்காரர்களைப் போல இரு மடங்கு. பெரியவர்களிடம் அறிகுறி தொடங்கி 5 முதல் 7 நாள் வரை வைரஸ் வெளியேறும். சிறு குழந்தைகளிடமும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடமும் 10 நாளைத் தாண்டியும் நீளலாம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: தொற்றிய எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. எந்த அறிகுறியும் இல்லாமலே வைரஸைச் சுமப்பவர்கள் உண்டு. நம் கதையின் அப்பா அப்படி ஒருவராக இருந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

காற்று முதலில், பிறகு கை

இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். மிகச் சிறிய துகள்கள் மூடிய அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கும். இவை சாதாரண மூச்சிலும் வெளிவருகின்றன. ஆகவே ‘இருமல் இல்லையே’ என்று ஒரே அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது பாதுகாப்பு ஆகாது. எதிரெதிரே இரண்டு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குவது செலவே இல்லாத நல்ல தடுப்பு.

பொருள்கள் வழியாகவும் பரவலாம். 1982இல் வெளியான ஒரு பழைய ஆய்வின்படி எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் உயிர்ப்போடு இருந்தது. துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அழிந்தது. கைக்கு மாறிய பிறகு 5 நிமிடத்துக்குள் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் நாம் மூக்கையும் கண்ணையும் எத்தனை முறை தொடுகிறோம்! நோயாளியைத் தொட்டதும், அவர் மூக்குச் சிந்திய தாளை எடுத்ததும், உடனே 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள கிருமிநாசினி போதும்.

ஹாங்காங் வீடுகளில் நடந்த ஒரு பரிசோதனை இங்கே மிகவும் பாடம் சொல்வது. சில குடும்பங்களுக்குக் கை கழுவும் பயிற்சி, சிலவற்றுக்கு அதோடு முகக்கவசமும் கொடுத்தார்கள். எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. முதல் நோயாளிக்கு அறிகுறி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் இவற்றைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய குடும்பங்களில், இரண்டையும் சேர்த்துச் செய்தபோது பரவல் குறைந்தது. பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு கவசம் போடலாம் என்று காத்திருப்பதுதான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. காய்ச்சல் தொட்ட மணியிலிருந்தே நோயாளிக்கும், பார்த்துக்கொள்பவருக்கும் கவசம் வேண்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரே ஒருவர் ஏற்பது நல்லது. அவர் கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மருந்து எங்கே கை வைக்கிறது?

வைரஸ் நம் மூச்சுக்குழாயின் செல்லுக்குள் புகுந்து, தன்னைப் பல்லாயிரமாக நகல் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. வெளியே வந்த புதிய வைரஸ்கள், செல்லின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளில் பசைபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிடியை அறுக்க வைரஸிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அதன் பெயர் நியூராமினிடேஸ். ஓசெல்டாமிவிர் மாத்திரையும், உறிஞ்சும் பொடியான சனாமிவிரும் இந்தக் கத்தரியை மழுங்கடிக்கின்றன. வைரஸ் பிறக்கிறது, ஆனால் பறக்க முடிவதில்லை. பலோக்சாவிர் இன்னும் முன்னாலேயே கை வைக்கிறது. செல்லுக்குள் நகல் எடுக்கும் இயந்திரத்தின் ஒரு பாகத்தையே நிறுத்தி, பிறப்பையே தடுக்கிறது.

இந்த மருந்துகள் எல்லாமே புதிய வைரஸ் உண்டாவதையும் பரவுவதையும்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட செல்களைச் சரிசெய்வதில்லை. முதல் இரண்டு மூன்று நாளிலேயே வைரஸ் உச்சத்தை எட்டிவிடும் நோயில், 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். இது கடைசி எல்லை, இலக்கு அல்ல. 12 மணி நேரத்தில் தொடங்குவது 40 மணி நேரத்தில் தொடங்குவதைவிடச் சிறந்தது. மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் கடுமையாக இருப்பவர்களுக்கு 48 மணி நேரம் கடந்த பிறகும் மருந்து கொடுப்பார்கள்.

நோயாளிக்கு என்ன கிடைக்கும்? ஆரோக்கியமான ஒருவருக்கு ஓசெல்டாமிவிர் நோயை ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவாகவோ சுமார் ஒரு நாளோ சுருக்குகிறது. அவ்வளவுதான். பலோக்சாவிரும் அறிகுறிகளைக் குறைப்பதில் கிட்டத்தட்ட அதே வேகம். ஆனால் 2018இல் வெளியான பரிசோதனையில் ஒரு பெரிய வேறுபாடு தெரிந்தது. மூக்கில் உயிருள்ள வைரஸ் மறைய எடுத்த நடுமதிப்புக் காலம் (பாதிப் பேருக்கு இதற்குள் மறைந்துவிடும்), பலோக்சாவிருக்கு 24 மணி நேரம், ஓசெல்டாமிவிருக்கு 72, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 96. நோயாளி எழுந்து நடப்பது ஒரே வேகத்தில், வைரஸ் வெளியேறுவது நிற்பது வேறு வேகத்தில். அப்படியானால் வீட்டாருக்குப் பரவுவதும் குறையுமா என்ற கேள்வி இங்கேதான் பிறந்தது.

நோயாளிக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்குப் பலனா?

2025இல் வெளியான செண்டர்ஸ்டோன் பரிசோதனை இதை நேரடியாகச் சோதித்தது. 5 முதல் 64 வயது வரையிலான 1,457 நோயாளிகளுக்கு, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் பலோக்சாவிரோ வெற்று மாத்திரையோ ஒரே ஒரு முறை கொடுத்து, அவர்களுடைய வீட்டார் 2,681 பேரைக் கவனித்தார்கள். ஐந்தாம் நாளுக்குள் வெற்று மாத்திரை வீடுகளில் 13.4 சதவீதம் பேருக்கும், பலோக்சாவிர் வீடுகளில் 9.5 சதவீதம் பேருக்கும் தொற்று பரவியிருந்தது. இரு குழுக்களுக்கும் இடையே இருந்த மற்ற வேறுபாடுகளைச் சரிசெய்த கணக்கில் ஆபத்து 29 சதவீதம் குறைந்தது.

‘29 சதவீதம் குறைவு’ என்பது பெரிதாகக் கேட்கும். நூறு வீட்டாரில் சுமார் 13 பேருக்கு வரவேண்டியது 9 அல்லது 10 பேருக்கு வந்தது, அதாவது நூற்றுக்கு நான்கு பேர் தப்பினார்கள் என்று சொன்னால்தான் உண்மையான அளவு தெரியும். வேறு வார்த்தையில், நோயாளி மருந்து எடுக்கும் வீடுகளில் உள்ள வீட்டாரில் சுமார் 25 பேருக்கு ஒருவர் தப்பிக்கிறார். அறிகுறியோடு வந்த தொற்றை மட்டும் எடுத்தால் 7.6க்கு 5.8 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் நின்றது. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டோம். பரவலையே அளவுகோலாக வைத்துப் பார்த்த முயற்சியில் உண்மையான குறைவு தெரிந்தது முக்கியமான செய்தி. ஆனால் நோயாளிக்கு ஒரு மாத்திரை போட்டால் வீடே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காய்ச்சலுக்கு முந்தைய ஒரு நாளில் போன வைரஸையும், வெளியிலிருந்து வீட்டார் தனியாக வாங்கி வரும் வைரஸையும் அந்த மாத்திரை தொட முடியாது.

வீட்டாருக்கே கொடுத்தால்?

எண்கள் இங்கே முற்றிலும் வேறு. நோயாளியுடன் இருப்பவர்களே 48 மணி நேரத்துக்குள் ஓசெல்டாமிவிர் தினம் 75 மி.கி. வீதம் 7 நாள் எடுத்த பரிசோதனையில், ஃப்ளூ நோய் 89 சதவீதம் குறைந்தது. சனாமிவிரை இப்படிக் கொடுத்தபோது, புதிதாக ஒருவருக்காவது நோய் வந்த குடும்பங்கள் 19இலிருந்து 4 சதவீதமாகச் சரிந்தன. ஜப்பானில் நடந்த பிளாக்ஸ்டோன் பரிசோதனையில், வீட்டாருக்கு ஒரே ஒரு முறை பலோக்சாவிர் கொடுத்தபோது 10 நாளுக்குள் நோய் வந்தவர்கள் 1.9 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13.6. வைரஸ் புகும்போது மருந்து உடலில் ஏற்கெனவே இருப்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

அப்படியானால் வீட்டில் எல்லோருக்குமே கொடுத்துவிடலாமே? பொதுவாக அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலான வீட்டாருக்கு நோய் வரப்போவதில்லை, வந்தாலும் ஆரோக்கியமானவர்கள் தானாகவே தேறிவிடுவார்கள், பக்கவிளைவும் மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற வைரஸ் உருவாகும் வாய்ப்பும் உண்டு. தடுப்பு மருந்து, ஃப்ளூ வந்தால் சிக்கலாகக்கூடியவர்களுக்காகவே: 65 வயதைத் தாண்டியவர்கள், 5 வயதுக்குட்பட்டவர்கள், முக்கியமாக 2 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். நோயாளியுடன் கடைசியாக நெருங்கிப் பழகி 48 மணி நேரம் கடந்துவிட்டால் தடுப்பாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக, முதல் அறிகுறி வந்த உடனே மருத்துவரிடம் போகச் சொல்வார்கள்.

டோஸும் வழக்கமான தவறுகளும்

ஓசெல்டாமிவிர் சிகிச்சையாக: பெரியவர்களுக்கு 75 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 5 நாள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து, 15 கிலோ வரை 30 மி.கி., அதற்கு மேல் 23 கிலோ வரை 45, 40 கிலோ வரை 60, அதற்கு மேல் 75, எல்லாமே இரண்டு வேளை. தடுப்பாக: அதே அளவு, ஒரு வேளை மட்டும், 7 முதல் 10 நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், இதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுவது ஆபத்து. குமட்டலும் வாந்தியும்தான் அதிகம் வரும் தொல்லை, சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

இங்கே ஒரு நுணுக்கத்தை விட்டுவிடக் கூடாது. தடுப்பாக ஒரு வேளை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நடுவில் காய்ச்சல் தொடங்கினால், அதே ஒரு வேளையைத் தொடரக் கூடாது. உடனே மருத்துவரிடம் பேசி, இரண்டு வேளைச் சிகிச்சை அளவுக்கு மாற வேண்டும். பெருகிக்கொண்டிருக்கும் வைரஸுக்கு எதிராகக் குறைவான மருந்து இருந்தால், அதில் தப்பும் வைரஸ் வகையே வளரும். மருந்தை ஏமாற்றும் வைரஸ் என்பது கற்பனை இல்லை. 2007க்கும் 2009க்கும் இடையே, அப்போது சுற்றிய பருவகால எச்1என்1 வைரஸ் ஓசெல்டாமிவிரை மீறி உலகெங்கும் பரவியது. செண்டர்ஸ்டோனில் பலோக்சாவிர் எடுத்த நோயாளிகளில் 7.2 சதவீதம் பேரிடம் எதிர்ப்புத் திறன் உள்ள வைரஸ் உருவானது. அது வீட்டாருக்குப் பரவியதாகத் தெரியவில்லை என்பது ஆறுதல்.

பலோக்சாவிர் ஒரே வேளை: 20 கிலோவிலிருந்து 80 கிலோவுக்குள் 40 மி.கி., 80 கிலோவும் அதற்கு மேலும் 80 மி.கி. எந்த வயதிலிருந்து கொடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பால் பொருள்களோடும், கால்சியம், இரும்பு, துத்தநாகச் சத்து மாத்திரைகளோடும், அமில எதிர்ப்பு மருந்தோடும் சேர்த்து விழுங்கினால் உடலில் ஏறுவது குறையும். ஒரே டோஸ் என்பதால் இந்தத் தவறைத் திருத்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் ஓசெல்டாமிவிரையே தேர்ந்தெடுப்பார்கள். சனாமிவிர் பொடியை ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சினால் மூச்சுக்குழாய் இறுகலாம், ஆகவே அவர்களுக்கு அது வேண்டாம்.

யாருக்கு எந்த மருந்து என்பதில் நிபுணர் அமைப்புகள் ஒரே கருத்தில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 வழிகாட்டுதலில், கடுமையாக இல்லாத, ஆனால் சிக்கலாக வாய்ப்புள்ள நோயாளிகளுக்குப் பலோக்சாவிரையும், மருத்துவமனையில் கடுமையாக இருப்பவர்களுக்கு ஓசெல்டாமிவிரையும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. கையில் கிடைக்கும் மருந்து, வயது, சிறுநீரகம், கர்ப்பம் இவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். வேறொருவருக்கு எழுதிய மாத்திரையைப் பகிர்ந்துகொள்வதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தால் வீட்டில் ஒருவர் படுத்தபோது அது துணை நிற்கும். அப்போதுதான் போட்டால் பாதுகாப்பு உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் இந்த அலை வீட்டைக் கடந்திருக்கும். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பூசியோடு இந்த மருந்துகளைச் சேர்த்தால் தடுப்பூசி வேலை செய்யாமல் போகலாம். ஊசியாகப் போடும் தடுப்பூசிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கும்போது, குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாவது, குழப்பம், வெகுநேரம் சிறுநீர் போகாமை, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்டுத் தேறியவருக்கு இரண்டொரு நாளில் மறுபடி காய்ச்சலும் இருமலும் மோசமானால், பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படும், தாமதிக்கக் கூடாது.

நோயாளி மற்றவர்களோடு கலப்பதற்கு, காய்ச்சல் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலும், மற்ற அறிகுறிகள் குறைந்தும் இருக்க வேண்டும். அதன்பிறகும் 5 நாள் கவசம், காற்றோட்டம், கை கழுவுதல் தொடரட்டும். சிறு குழந்தையென்றால் பாட்டியின் பக்கத்தில் படுக்கவைப்பதை இன்னும் சில நாள் தள்ளிப்போடுங்கள்.